பாட்டியின் டெபாசிட் ரசீது

“சிறு துளி பெரு வெள்ளம்” என்பது நாம் யாவரும் அறிந்த பழமொழி. ஆனால் வெள்ளத்தைத் தேக்கிய பின் கரையையும் கவனிக்க வேண்டும் என்பதை எங்கள் பாட்டியிடமிருந்து கற்றோம்.

பாட்டி தீப்பெட்டி ஒட்டிச் சேர்த்த 10,000 ரூபாயை, அக்காவின் நர்சிங் படிப்புக்கென்று எங்கள் ஊர் வங்கியில் 3 ஆண்டு காலவைப்பாகப் போட்டிருந்தார். வட்டி 7 சதவீதம். ரசீது டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் இருந்தது. தவணை முடிந்து 10 மாதம் கழித்தே அதை எடுத்துப் பார்த்தோம். அந்த 10 மாதத்துக்கு 3 சதவீத சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைத்தது. சுமார் 400 ரூபாய் நஷ்டம். “எத்தனை குரோஸ் ஒட்டணும் தெரியுமாடி?” என்று பாட்டி வருந்தினார். ஏன் இப்படி ஆயிற்று என்று விசாரித்து அறிந்ததை இங்கு எழுதுகிறோம்.

கிராம மக்களுக்காக 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் முதல் 5 வட்டார கிராம வங்கிகள் தோன்றின. 1977-இல் பாண்டியன் கிராம வங்கி பிறந்தது. 2019 ஏப்ரல் 1 அன்று அதுவும் பல்லவன் கிராம வங்கியும் இணைந்து, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி ஆயின.

காலவைப்பு என்பது குறித்த காலம் வரை எடுப்பதில்லை என்று சொல்லி வங்கியில் வைக்கும் பணம். வங்கி அதை நம்பிப் பிறருக்குக் கடன் தரலாம். ஆகவே சேமிப்புக் கணக்கைவிடப் பெரும்பாலும் வட்டி அதிகம். இடையில் எடுத்தால் வட்டி குறையும்.

வட்டி ஏன் மாறுகிறது? ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி, ரெப்போ விகிதம் எனப்படும். இது 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்தது. 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமாக உயர்ந்தது. 2025 டிசம்பரில் 5.25 சதவீதமாகக் குறைந்தது. இதை அனுசரித்தே வங்கிகளும் வைப்புக்கான வட்டியைக் கூட்டிக் குறைக்கின்றன. ஆனால் நாம் போட்ட நாளில் எழுதிய வட்டி, தவணை முடியும் வரை மாறாது.

உதாரணமாக, 10,000 ரூபாயை 5 ஆண்டுகளுக்கு, காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலுடன் சேர்க்கும் முறையில் போடுவோம். 7 சதவீதம் என்றால் 14,148 ரூபாய் கிடைக்கும். 6 சதவீதம் என்றால் 13,469 ரூபாய்தான். ஒரு சதவீதம் அற்பமானதன்று!

தவணை முடிந்தும் வாங்காத பணத்துக்கு, சேமிப்புக் கணக்கு வட்டி, பழைய ஒப்பந்த வட்டி இவ்விரண்டில் எது குறைவோ அதுவே உண்டு என்று 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதித்தது. பாட்டிக்கு நேர்ந்தது இதுவே. தானாகப் புதுப்பிக்கும்படி முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் நஷ்டம் நேர்ந்திராது.

வங்கி நொடித்தால் என்ன செய்வது என்று அஞ்சுவோருக்கு ஒரு செய்தி. 2020 பிப்ரவரி 4 முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அதற்குமுன் அது 1 லட்சமாகவே இருந்தது.

அன்புத் தோழியரே! இன்று மாலையே வீட்டிலுள்ள ரசீதுகளை வாங்கி, முதிர்வுத் தேதியைப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டு நாட்காட்டியில் பாட்டியின் அடுத்த தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறோம். சேமிப்பது பாட்டியின் கடமை. கணக்குப் பார்ப்பது படித்த பேத்திகளின் கடமையன்றோ!