கோடையில் விரால் ஏன் மேலே வருகிறது?

விரால், தண்ணீரில் மூச்சுமுட்டிச் சாகக்கூடிய மீன். செவுள் மட்டும் அதற்குப் போதாது. செவுளுக்கு மேலே, தலையின் இருபுறமும் மடிப்பு மடிப்பான காற்றறை இருக்கிறது. அதை நிரப்பிக்கொள்ள அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டும். வலையில் சிக்கி மேலே வர வழியில்லாமல் போனால் இறந்துவிடும்.

திருச்சியில் பாலக்கரை வழியாக ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால், பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிகிறது. காவிரியின் குறுக்கே உள்ள மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பார்கள். இடையில் ஆறு மெலிந்து, திருச்சியைச் சுற்றி மடுக்களிலும் குட்டைகளிலும்தான் தண்ணீர் தங்கும். கத்திரி வெயிலில் அதுவும் சுடும். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5தான். சாக்கடை கலந்தால் இருப்பதிலும் பெரும்பங்கை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். கெண்டை திணறும் அந்த நீரில் விரால் பிழைத்துக் கிடக்கிறது. குட்டையே வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து உயிரைப் பிடித்துக்கொள்ளும்.

தூண்டில்காரர்கள் கவனிப்பது அந்த மூச்சைத்தான். ஆகாயத்தாமரைக்கு நடுவே 'களக்' என்று ஒரு சத்தம், நாலைந்து குமிழிகள். மீனின் தலைமேலேயே தூண்டிலைப் போட்டால் அது மிரண்டு ஓடும். சற்றுத் தள்ளிப் போட்டு, போலி இரையான ரப்பர் தவளையை இலைமேல் ஏற்றி இழுத்து, இடைவெளி வந்ததும் நீரில் நழுவவிட்டு நிறுத்துவார்கள்.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து ஏக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949-இல் வினைல் புழுவை வார்த்ததிலிருந்து இதுபோன்ற மென்பிளாஸ்டிக் இரைகள் பெருகின. அந்நாட்டு ஸ்மால்மவுத் பாஸ் மீன் செவுளால் மட்டுமே சுவாசிப்பது. கோடையில் குளிர்ச்சி தேடி ஆழத்துப் பாறைகளுக்கு இறங்கும். அதனால் அங்கே புழுவை அடிக்கு இறக்குகிறார்கள். நம் விராலோ மேலே வருகிறது. நமக்கு மிதக்கிற தவளை.

அந்தத் தவளையின் வயிறு உள்ளீடற்றது. இரட்டை முள்ளின் கூர்முனைகள் முதுகோடு ஒட்டிக் கிடப்பதால் இலையில் மாட்டாது. பின்னால் தொங்கும் ரப்பர் இழைகள் நீரைக் கலக்கும். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலை குறைவு. மீனின் பக்கவாட்டுக் கோட்டில் உள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள் அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும். விரால் கவ்வியதும் தவளை நசுங்கி முள் வெளியே வரும். கெட்டியான இரையைச் சட்டென்று துப்பிவிடும் மீன், மெத்தென்றிருப்பதைக் கொஞ்சம் கூடுதலாக வாயில் வைத்திருக்கும். அந்த ஒரு நொடி பொறுத்துச் சுண்டவேண்டும். உயிருள்ள தவளையை முள்ளில் குத்தும் பழைய வழக்கத்தைவிட இது எனக்கு ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் எல்லாக் கவ்வலும் பசியால் வருவதல்ல. விரால் முட்டையையும் குஞ்சையும் காக்கும் மீன். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்செடுக்க, கீழே பெரியது காவல் நிற்கும். அப்போது எதைப் போட்டாலும் விரட்ட வந்து பாயும். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் மிச்சம் வைக்காது. மழைக்காலத்தில்தான் இந்தக் காவல் அதிகம். தண்ணீர் தங்கும் குளங்களில் மற்ற மாதங்களிலும் பார்க்கலாம். காவல் நிற்கும் மீனைப் பிடிப்பது திறமையே அல்ல.

இன்னொன்று, அறுந்துபோன ரப்பர். ரப்பர் என்று சொன்னாலும் அது பிவிசியும் அதை மென்மையாக்கும் எண்ணெய்களும் சேர்ந்தது, மக்காது. மீன் விழுங்கினால் வயிற்றிலேயே தங்கிவிடக்கூடும். புரூக் டிரவுட் மீன்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. மென்பிளாஸ்டிக் இரைகளை விழுங்கிய மீன்கள் எடை குறைந்தன.

தூண்டிலோடு கரைக்குப் போகிறவர்களே, கிழிந்த தவளையையும் அறுந்த தூண்டில் நரம்பையும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். செந்நிறக் குஞ்சுக்கூட்டம் கண்ணில் பட்டால் வேறு இடம் பாருங்கள்.