கீழாநெல்லி காமாலையைக் குணமாக்குகிறதா?

கண் மஞ்சளித்தால் நம் ஊரில் முதலில் தேடுவது கீழாநெல்லி. அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். மஞ்சள் எங்கிருந்து வருகிறது? பழைய சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிரூபினைக் கல்லீரல்தான் பித்தநீர் வழியே வெளியேற்றும். அது சுணங்கினால் பிலிரூபின் ரத்தத்தில் தேங்கும். ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வடியும். பெயர் மட்டும் மூலிகைக்குப் போய்விடும்!

ஹெபடைடிஸ் பி விஷயம் வேறு. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாக, 1988இல் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழு 'லான்செட்' இதழில் எழுதியது. பிற நாட்டுச் சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. பித்தக்குழாயைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளிக்கும். சாறு பிழிவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.