மாட்டு வாலும் சின்னத் தணலும்

முல்லைத்தீவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தம்பிக்கு இத்தாலியின் பலெர்மோவில் உணவகக் குசினி ஒன்றில் வேலை. ரோம் நகரத்து மாட்டு வால் கறியைப் பற்றி அவர் தொலைபேசியில் ஓயாமல் சொல்ல, அக்காவும் வாலை வாங்கி ஒரு மணித்தியாலம் அவித்துப் பார்த்திருக்கிறார். கடிக்கவே முடியவில்லையாம். கிழட்டு மாட்டைத் தந்து ஏமாற்றிவிட்டார்களோ என்று கேட்கிறார். இல்லை அம்மா, சாதாரணச் சட்டியில் எந்த மாட்டின் வாலும் ஒரு மணித்தியாலத்தில் வேகாது.

கறியின் பெயர் கோடா அல்லா வச்சினாரா. ரோமின் டெஸ்தாச்சோ பகுதியில் 1888 முதல் 1891 வரை கட்டி, 1975 வரை இயங்கிய பெரிய கொல்களத்தோடு சேர்ந்து புகழ்பெற்றது. நல்ல இறைச்சி வசதியானவர்களுக்குப் போய்விட, வால், குடல், தலை போன்றவை அங்கு வேலை செய்தவர்களுக்குக் கூலியின் ஒரு பங்காகக் கிடைத்தன. 1887 என்ற ஆண்டைப் பெயரிலேயே வைத்திருக்கும் அயலிலுள்ள கெக்கீனோ என்ற சாப்பாட்டுக் கடை இந்தக் கறியால்தான் பேர் எடுத்தது.

இனி வாலுக்கு வருவோம். மாடு நாள் முழுக்க ஈ விரட்டும் உறுப்பு அது. சிறிய எலும்புகள் மூட்டு மூட்டாகக் கோத்திருக்க, சுற்றிலும் கொஞ்சம் தசை. மற்றதெல்லாம் குருத்தெலும்பும் நாரும் சவ்வும். நாரும் சவ்வும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்திருக்கும் அமைப்பு அது. எங்கள் அப்பு மாடு கட்டத் தும்பில் மூன்று புரிக் கயிறு திரிப்பார். எந்த முரட்டு நாம்பனும் அதை அறுத்ததில்லை. கயிற்றின் பலம் முறுக்கில் இருந்தது. கொலாஜனின் பலமும் அங்கேதான். சூடு சுமார் 60 பாகை செல்சியஸைத் தாண்டியதும் அது சுருங்கி, தசையிலுள்ள நீரைப் பிழிந்துவிடும். வாசகி கடித்துப் பார்த்தது இந்த நிலையில். அதன் பிறகும் ஈரச் சூடு விடாமல் கிடைத்தால், முறுக்கு மெல்ல அவிழ்ந்து, இழைகள் பிரிந்து குழம்பில் கரையும். அதுதான் ஜெலற்றின். அதன் வழவழப்பு தசை நார்களுக்கிடையே நிற்பதால் இறைச்சி வாயில் மெத்தென்று இருக்கும். மா கரைக்காமலே, தேங்காய்ப்பால் விடாமலே குழம்பு தடிக்கும். இதற்கு மூன்று, நான்கு மணித்தியாலம் வேண்டும். கிழட்டு மாடு என்றால் இந்த இழைகளுக்கிடையே பிணைப்புகள் கூட, இன்னும் நேரமாகும்.

இன்னொரு புதுமையும் உண்டு. ஜெலற்றின் உருகுவது சுமார் 35 பாகையில், நம் உடற்சூட்டுக்குச் சற்றுக் கீழே. அதனால் நாக்கில் பட்டதும் கரைகிறது. இறுகுவதற்கோ நன்றாகக் குளிர வேண்டும். ரோமில் குளிர்கால இரவில் சட்டியை மேசையில் வைத்தாலே விடியக் குழம்பு கட்டிபட்டிருக்கும். கிளிநொச்சியில் வைகாசி வெக்கையில் வைத்தால் விடிந்தும் தண்ணீராகவே இருக்கும், பழுதாகியும் போகும். திறமாகச் சமைத்தவரும் எங்கோ பிழைத்துவிட்டது என்றே நினைப்பார். குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கரண்டியை நாட்டினால் நிற்கும். மேலே படிந்த கொழுப்பையும் வழித்தெடுக்கலாம்.

சமைக்கும்போது, வாலை மூட்டில் வெட்டித் தரச் சொல்லுங்கள். கோடரியால் கொத்தினால் எலும்புச் சிராய் குழம்பில் கலக்கும். துண்டுகளைச் சிவக்கப் பொரித்து, வெங்காயம், கரட், உள்ளி, இரண்டு கராம்பு சேர்த்து வதக்கி, வைன் விட்டு வற்றியபின் தக்காளியைப் போட்டு மூடுங்கள். வைன் புழங்காத வீட்டில் தக்காளியைக் கூட்டலாம். கொலாஜன் அவிழப் புளிப்பு உதவும். செலரித் தண்டைத் தனியே அவித்துக் கடைசியில் நிறையச் சேர்ப்பது இந்தக் கறியின் அடையாளம். ஒரு சிட்டிகை கசப்புக் கொக்கோவும் முந்திரிகை வத்தலும் போடுவோர் உண்டு. பிறஷர் குக்கரில் சூடு 120 பாகை வரை ஏறுவதால் ஒரு மணித்தியாலமே போதும், ஆனால் குழம்பைப் பிறகு திறந்து வற்ற வைக்க வேண்டும். மண்சட்டியும் விறகுத் தணலும் இதற்கு மிகத் திறம். கொதித்துக் குதிக்கும் தீ தசையை நார் நாராக்கும். 2022இல் காஸ் இல்லாமல் விறகடுப்புக்குத் திரும்பிய நாங்கள், காஸ் வந்ததும் அதை மறந்துவிட்டது எனக்குக் கவலை.

அதைவிடக் கவலை, வாலையும் எலும்பையும் நாய்க்கென்று வாங்கிப் போவதைக் காணும்போது. வன்னியில் மாடு வளர்ப்பவர்கள் மேய்ச்சல் தரை கேட்டு எத்தனை காலமாக அலைகிறார்கள்! பயிர்க்காலம் வந்தால் பட்டியை எங்கே சாய்ப்பதென்று தவிக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டு வளர்த்த உயிரைக் கொன்றபின் எலும்பில்லாத துண்டை மட்டும் எடுத்து மற்றதைக் கழிப்பது பெரும் பிழை.

மாட்டிறைச்சி புழங்காத வீடுகள் இங்கே நிறைய. அவர்கள் ஆட்டுக்காலில் இதையே செய்யலாம். அதிலும் கொலாஜன் தாராளம். வாட்டிச் சுரண்டிய நாலு காலுக்கு அரைக் கிலோ தக்காளி, சின்னத் தணல், குறைந்தது மூன்று மணித்தியாலம்.