அள்ள அள்ளக் குறையாத ஆகாயத்தாமரை

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது தமிழக நகரங்களின் ஏரிகளிலும் கால்வாய்களிலும் ஆகாயத்தாமரை அகற்றும் பணி தொடங்கிவிடும். மிதவை இயந்திரங்கள் இறங்கும், லாரிகளில் பச்சைக் குவியல் ஏறும், நீர்ப்பரப்பு மீண்டும் கண்ணுக்குத் தெரியும். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் பழையபடி கரைக்குக் கரை பச்சை. அடுத்த ஆண்டு மறுபடியும் ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள். வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று ஒப்பந்ததாரரைக் குறை சொல்வது எளிது. ஆனால், எவ்வளவு நேர்மையாக அள்ளினாலும் இந்தச் செடி திரும்பத்தான் செய்யும். ஏரிக்கு வரும் தண்ணீரின் தன்மை மாறாதவரை செடியை மட்டும் அகற்றுவது முடிவில்லாத செலவு. நூறாண்டுக்கும் மேலான உலக அனுபவம் சொல்வது இதைத்தான்.

இரட்டிப்பாகும் கணக்கு

தண்டு வெங்காயம்போல் உப்பியிருப்பதால் வெங்காயத்தாமரை என்றும் அழைக்கப்படும் இச்செடியின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. ஊதாப் பூவின் அழகுக்காக மனிதர்களே இதைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசென்றார்கள். தாயகத்தில் இதைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த பூச்சிகள் கூடவே வரவில்லை. தாய்ச்செடி பக்கவாட்டில் ஓடுதண்டு விட்டுக் குட்டிச் செடிகளை ஈனுகிறது. வெயிலும் ஊட்டமும் வாய்த்தால் இது படர்ந்த பரப்பு இரண்டு வாரங்களுக்குள்ளேயே இரு மடங்காகிவிடும். 100 ஏக்கர் ஏரியில் 99 ஏக்கரைச் சுத்தம் செய்து, ஒரே ஓர் ஏக்கரை விட்டுவைத்தாலும், ஏழு இரட்டிப்பில், அதாவது ஏறத்தாழ பதினான்கு வாரங்களில், ஏரி முழுவதும் மூடிவிடும். ஒன்றையும் விடாமல் வழித்தெடுத்தாலும் சேற்றில் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் முளைப்புத் திறனோடு காத்திருக்கின்றன. மேலே பாய் விரித்ததுபோல் செடி மூடிக்கொள்ள, வெளிச்சம் உள்ளே இறங்குவதில்லை. நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகின்றன. மதகும் கலங்கலும் அடைபட்டு மழைக்காலத்தில் ஊருக்குள் வெள்ளம் ஏறுகிறது.

இந்த வேகத்துக்குத் தீனி வேண்டும். வேர் மண்ணில் ஊன்றாத செடி என்பதால் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மலத்திலும் சிறுநீரிலும் சலவைத்தூளிலும் வயலிலிருந்து வழியும் உரத்திலும் இவை தாராளம். நம் ஏரிகளின் பழைய இயல்பையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மழைக்கு நிரம்பி, பாசனத்துக்குப் போய், கோடையில் தரை தெரிய வற்றுவதே பெரும்பாலான ஏரிகளின் வழக்கம். அப்படி வற்றும் ஏரியில் மிதக்கும் செடி கருகிவிடும்; சேற்றில் தங்கும் விதைதான் மிஞ்சும். இன்று நகரத்தை ஒட்டிய ஏரிகளுக்குப் பன்னிரண்டு மாதமும் கழிவுநீர் வருகிறது. வற்றாத தண்ணீர், குறையாத ஊட்டம் என்று ஆகாயத்தாமரைக்கு வேண்டிய இரண்டையும் நாமே ஒரே குழாயில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

வங்கம், குட்டநாடு, தென்னாப்பிரிக்கா

செடியோடு மட்டும் சண்டையிட்டவர்களின் கதை நீளமானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கத்தின் ஆறுகளையும் நெல்வயல்களையும் ஆகாயத்தாமரை மூடியபோது, அதை அகற்றுவதைச் சட்டக் கடமையாக்கி 1936இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 1937 தேர்தலில் அது வாக்குறுதியாகவும் ஆனது. அந்தச் செடி இன்றும் வங்கத்தில் இருக்கிறது. கேரளத்தின் குட்டநாட்டில் கோடைக்காலத்தில் உள்ளே ஏறும் கடல்நீர் மிதக்கும் களைகளை ஆண்டுதோறும் கொன்றுவந்தது. நெல் சாகுபடியைக் காக்க 1970களில் தண்ணீர்முக்கம் தடுப்பணை கட்டப்பட்டு உப்புநீர் நிறுத்தப்பட்டதும் களைகள் பெருகின. தண்ணீரின் இயல்பு மாறியதும் களையின் தலைவிதியும் மாறிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்பீஸ்பூர்ட் அணை இன்னும் தெளிவான பாடம். நகரக் கழிவுநீரின் ஊட்டம் வந்து சேரும் அந்த நீர்த்தேக்கத்தில் 1970களின் பிற்பகுதியில் களைக்கொல்லி தெளித்து ஆகாயத்தாமரையை ஒழித்தார்கள். ஊட்டம் அப்படியே இருந்ததால் அந்த இடத்தை நச்சு உமிழும் நீலப்பச்சைப் பாசி பிடித்துக்கொண்டது. பின்னாளில் ஆகாயத்தாமரையும் திரும்பி வந்தது.

பூச்சி போதாதா?

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு பூச்சிகளிடமிருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் சால்வினியா என்ற மிதக்கும் பெரணியைத் தின்னும் கூன்வண்டுகளை 1980இல் விட்டார்கள். சுமார் 200 ஹெக்டேரில் படர்ந்திருந்த களை ஓராண்டு வாக்கில் ஒழிந்தது. ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்று மலையாளிகள் அழைக்கும் அதே களையைக் கேரளத்திலும் அந்த வண்டு அடக்கியது. ஆகாயத்தாமரைக்கான கூன்வண்டுகளும் 1980களின் தொடக்கத்திலேயே பெங்களூருவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்குள்ள ஏரிகளில் விடப்பட்டன; சிலவற்றில் நல்ல பலனும் கிடைத்தது. இவை உண்மையான வெற்றிகள். ஆனால் அவற்றுக்கு எல்லை உண்டு. விக்டோரியா ஏரியில் 1998 வாக்கில் 17,000 ஹெக்டேருக்கும் மேல் பரவிய ஆகாயத்தாமரை, வண்டுகளாலும் அப்போதைய வானிலையாலும் 2000க்குள் பெருமளவு சரிந்தது. ஆனால் 2006-07இல் பெருமழை ஊட்டத்தை அடித்துக்கொண்டு வந்ததும் கென்யப் பகுதியில் மறுபடியும் மூண்டது. ஊட்டம் மிகுந்த நீரில் வண்டு தின்னும் வேகத்தைவிடச் செடி தழைக்கும் வேகம் கூடுதல். போதாததற்கு, ஆண்டுதோறும் இயந்திரம் வைத்து அள்ளும்போது செடியோடு வண்டும் லாரி ஏறிவிடுகிறது. பூச்சி நல்ல துணைதான். சாக்கடையை ஈடுகட்டும் அளவுக்கு அதற்குப் பலமில்லை.

இரண்டாவது மறுப்பு, களையைக் காசாக்கலாமே என்பது. இந்த யோசனை புதிதல்ல. இக்களையைத் தின்னவும் இறைச்சித் தட்டுப்பாட்டைத் தீர்க்கவும் ஆப்பிரிக்க நீர்யானைகளை இறக்குமதி செய்ய 1910இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவே வந்தது. இன்று உரம், உயிரி எரிவாயு, கூடை, நாற்காலி என்று திட்டங்கள் சொல்லப்படுகின்றன. அள்ளும் 100 கிலோவில் சுமார் 95 கிலோ வெறும் தண்ணீர் என்பதால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். ஆலைக்கழிவு கலக்கும் ஏரியில் இச்செடி கன உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும். அதை உரமாக்கினால் நஞ்சு வயலுக்கு இடம் மாறும். கைவினைப் பொருள்களால் சில குடும்பங்களுக்கு வருமானம் கிடைப்பது நல்லது. ஆனால் அவற்றுக்குத் தேவைப்படும் தண்டின் அளவு ஓர் ஏரியின் வளர்ச்சிக்கு முன் அற்பம். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் செடியை ஏன் எடுக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். 1970களில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா, மிசிசிப்பியில் இதைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரித்துக் காட்டியது உண்மையே. அது கரை கட்டிய தனிக் குட்டை. செடியைத் தொடர்ந்து அறுவடை செய்தால்தான் அந்த முறை பலிக்கும். அறுக்காமல் விட்ட செடி அங்கேயே அழுகி, உறிஞ்சிய அத்தனையையும் ஏரிக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அள்ளிய செடியைக் கரையின் உட்சரிவிலேயே குவித்து வைப்பதும் அப்படித்தான்.

எங்கே தொடங்குவது?

பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் வர ஆண்டுக்கணக்காகும், பெருஞ்செலவும் பிடிக்கும். அதுவரை மீனவரும் விவசாயியும் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அகற்றும் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. அது முதலுதவி, அதையே முழுச் சிகிச்சையாகக் கணக்கில் எழுதுவதுதான் தவறு. ஆண்டுதோறும் திரும்பும் அகற்றும் செலவைப் பத்தாண்டுக்குக் கூட்டிப் பார்த்து, வரத்துக்கால்வாயில் சாக்கடையைத் தடுத்துத் திருப்பிவிடும் செலவோடு ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டை ஒவ்வொரு உள்ளாட்சியும் பொதுவில் வைக்கலாம். சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழக்கமான நிலையங்கள் அழுக்கைக் குறைக்குமே தவிர, நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் முழுதாக நீக்குவதில்லை. அந்த நீரை நேரே ஏரியில் விடாமல் பூங்காவுக்கோ ஆலைக்கோ அனுப்பலாம். கோரையும் சம்பும் வளர்த்து முறையாக அறுக்கப்படும் சதுப்புக் குட்டை வழியாகவும் விடலாம்.

தமிழ்நாட்டின் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகளில் பல, ஒன்றின் கலங்கல் அடுத்ததன் வரத்தாக அமைந்த சங்கிலித் தொடர்கள். மேல் ஏரியை விட்டுவிட்டுக் கீழ் ஏரியைச் சுத்தம் செய்தால் அடுத்த மழையிலேயே களை மிதந்து வந்துவிடும். ஆனால் பெரிய ஏரி நீர்வளத் துறையிடமும் சிறிய ஏரி ஊராட்சி ஒன்றியத்திடமும் நகர ஏரி மாநகராட்சியிடமும் இருப்பதால், முழுத் தொடரும் யாருடைய பொறுப்பிலும் இல்லை. ஒரு தொடருக்கு ஒரே திட்டம், தலை ஏரியிலிருந்து தொடங்கும் வேலை, வரத்து வாயில் மிதவைத் தடுப்பு என்ற வரிசை வேண்டும். புதிய களைகள் நுழையாமலும் காக்க வேண்டும். 2020இல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் கால்வாயை மூடி இளஞ்சிவப்பாகப் பூத்த கபோம்பா என்ற அயல் செடியைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. பறித்து வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் ஆகாயத்தாமரையின் விற்பனையையே தடை செய்தது. இங்கே இன்னும் அலங்காரச் செடியாக விற்கப்படுகிறது.

ஒப்பந்த முறையையும் மாற்றியாக வேண்டும். எத்தனை லோடு அள்ளினார்கள் என்று பார்த்துப் பணம் கொடுத்தால், களை வளர்வதில் ஒப்பந்ததாரருக்கு நஷ்டமில்லை. ஆண்டு முழுவதும் எத்தனை ஏக்கர் நீர்ப்பரப்பு திறந்திருந்தது, வரத்து நீரில் பாஸ்பரஸ் எவ்வளவு குறைந்தது என்ற இரண்டு அளவுகளை மாதந்தோறும் வெளியிட்டு, அவற்றுக்கே பணம் என்று ஆக்கினால், மிச்சமிருக்கும் முதல் திட்டை இரண்டே வாரத்தில் கையால் எடுப்பது ஒப்பந்ததாரருக்கு லாபமாகும். சாக்கடை வாயை அடைப்பது அதிகாரியின் பொறுப்பாகும். அப்போது ஒதுக்கும் நிதி ஆண்டுக்கு ஆண்டு குறையும். குறையவில்லை என்றால் தவறு எந்தக் குழாயில் இருக்கிறது என்பதையாவது அந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கும்.