கதையைத் திருத்துதல்: எதை வெட்டுவது, எதை விடுவது?

கதை எழுதுவது எப்படி என்று என்னிடம் கேட்கும் இளம் எழுத்தாளர்கள் பலர். எழுதி முடித்த கதையைத் திருத்துவது எப்படி என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. மையின் ஈரம் காயுமுன் பத்திரிகைக்கு அனுப்பிவிடும் அவசரம் நமக்கு. நானும் அந்த அவசரத்துக்கு விலக்கானவன் அல்லன். ஆகவே ஒரு சிறுகதையைப் பிரசுரத்துக்கு முன் செப்பனிடுவது பற்றிய இன்றைய உரையை, நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் வானொலியில் வாசிப்பதற்கென ஒரு கதை எழுதினேன். மகன் இறந்த செய்தி வந்த நாளில், தனித்திருக்கும் ஒரு தாயின் கதை அது. வாசித்துப் பார்த்தபோது தரப்பட்ட நேரத்தை விட இரண்டு நிமிடங்கள் கூடிவிட்டது. எதையாவது வெட்டியாக வேண்டும். அடுத்த வளவுப் பெண்ணொருத்தி கஞ்சி கொண்டுவந்து கொடுத்து, அந்தத் தாய் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டுப் போவதாக ஒரு பந்தி இருந்தது. அது கதையை நகர்த்தவில்லை என்று தீர்மானித்து அடித்துவிட்டேன். நிலவைப் பற்றிய ஏழு வரிகளை மட்டும் தொடவில்லை. அவை எனக்கு மிகவும் பிடித்த வரிகள்!

ஒலிபரப்பைக் கேட்ட என் பெரியம்மா சொன்னார்: "எல்லாம் வடிவாத்தான் இருந்தது தம்பி. ஆனா, அந்த மனுசி அண்டைக்கு ஏதும் சாப்பிட்டதோ எண்டு நீ சொல்லேல்லையே?"

பெரியம்மா விமர்சகர் அல்லர். ஆனால் நான் எந்த இடத்தில் வெட்டினேன் என்பதை அவருடைய காது கண்டுபிடித்துவிட்டது.

அமெரிக்கச் சிறுகதையாசிரியர் றேமண்ட் கார்வரின் அனுபவத்தைப் பின்னர் அறிந்தபோது, பெரியம்மாவின் கேள்விதான் எனக்கு நினைவுக்கு வந்தது. 1980இல் கார்வர் தமது கதைத் தொகுதியொன்றின் பிரதியைப் பதிப்பாசிரியர் கோர்டன் லிஷிடம் ஒப்படைத்தார். லிஷ் அதில் பாதிக்கு மேல் வெட்டினார். பல கதைகளின் முடிவுகளையும் தலைப்புகளையும் மாற்றினார். கார்வர் கலங்கிப்போய், நூலை நிறுத்திவிடும்படி அவ்வாண்டு ஜூலையில் மன்றாடிக் கடிதம் எழுதினார். ஆயினும் 1981இல் நூல் வெளிவந்தது. கார்வரின் புகழும் அதனால் ஓங்கியது. குறைந்த சொற்களில் எழுதும் கலைஞர் என்று அவரைக் கொண்டாடினார்கள்.

அத்தொகுதியில் 'குளியல்' என்றொரு கதை. பிறந்தநாளன்று ஒரு சிறுவன் காரில் மோதுண்டு நினைவிழந்து கிடக்கிறான். அவனுக்காகச் செய்த கேக்கை யாரும் வந்து எடுக்காததால், விபரம் அறியாத பேக்கரிக்காரர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டே இருக்கிறார். மணி மீண்டும் ஒலிப்பதோடு கதை அறுந்து நிற்கிறது. கார்வர் முதலில் எழுதியதில் இன்னும் இருந்தது. சிறுவன் இறந்துவிடுகிறான். பெற்றோர் ஆத்திரத்தோடு பேக்கரிக்குப் போகிறார்கள். உண்மை தெரிந்த பேக்கரிக்காரர் மன்னிப்புக் கேட்டு, அவர்களை இருத்தி, சூடான பாணைச் சாப்பிடக் கொடுக்கிறார். விடியும்வரை மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கார்வர் இந்த முடிவை மீட்டு, தாம் முதலில் வைத்த தலைப்போடு 1983இல் வெளிவந்த தொகுதியில் கதையைச் சேர்த்தார். 'ஒரு சிறிய, நல்ல விடயம்' என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஓ. ஹென்றி விருதின் முதற்பரிசு அவ்வாண்டு அக்கதைக்கே கிடைத்தது. 1988இல் கார்வர் காலமானார். லிஷின் கை படாத முழுப் பிரதி 2009இல் நூலாயிற்று.

'குளியல்' மோசமான கதையன்று. அதன் அச்சம் வாசகனை விடாது துரத்தும். லிஷின் வெட்டுகளால் மெருகேறிய கதைகள் உண்டு என்போரும் இருக்கிறார்கள். ஆனால் இக்கதையில் வெட்டுண்டது வெறும் சொற்கள் அல்ல. கதை எதற்காக எழுதப்பட்டதோ அதுவே. ஆகவே, பேனாவை எடுத்து ஒரு சொல்லையேனும் அடிக்குமுன், 'இந்தக் கதை எதைப் பற்றியது?' என்று நம்மை நாமே கேட்டு விடை காண வேண்டும். வயலில் இறங்குபவனுக்குக் களை எது, பயிர் எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

இனி, நான் கைக்கொள்ளும் முறைகள் சில. கதையை எழுதியதும் சில வாரங்கள் மேசை லாச்சிக்குள் போட்டுவிடுங்கள். பிறகு பிறர் கதையைப் போல எடுத்து, வாய்விட்டு உரக்க வாசியுங்கள். நாக்குத் தடுக்கும் இடத்தில் வசனம் பிழைத்திருக்கும். பாத்திரங்கள் எல்லோரும் உங்களைப் போலவே பேசுகிறார்களா என்பதையும் காது சொல்லிவிடும். நீங்கள் மிகவும் மெச்சும் வரியில் சற்று நின்று, அது கதைக்கு உதவுகிறதா, உங்கள் பெருமைக்கு உதவுகிறதா என்று பாருங்கள். எழுத்துப்பிழை திருத்துவதைக் கடைசிக்கு வையுங்கள். அடிக்கப்போகும் பந்திக்குக் காற்புள்ளி இடுவது வீண் வேலை. நண்பர் ஒருவர் குறை சொன்னால், குறை எங்கே இருக்கிறது என்பதில் அவரை நம்புங்கள். அதை எப்படித் தீர்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

எத்தனை முறை திருத்துவது? தமது நாவலொன்றின் கடைசிப் பக்கத்தை 39 முறை எழுதியதாக ஏர்னெஸ்ட் ஹெமிங்வே ஒரு பேட்டியில் கூறினார். எண்ணிக்கை முக்கியமன்று. திருத்தத் திருத்தக் கதை வேறாகிறதே தவிர மேலாகவில்லை என்று தோன்றும்போது பேனாவை மூடிவிடலாம் என்பது எனது அபிப்பிராயம்.

என் கதை பிற்பாடு தொகுதியொன்றில் சேர்ந்தபோது கஞ்சிப் பந்தியைத் திரும்பவும் சேர்த்தேன். நிலவு ஒரே வரியாகிவிட்டது. வாசித்துக் காட்டுவதற்குப் பெரியம்மா அப்போது உயிரோடு இல்லை. காற்றோடு போன கதையைத் திருப்பி அழைக்க முடியாது. உங்கள் கதை இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது? அனுப்புமுன் ஒரு தடவை, யாராவது ஒரு பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.