அயலூரில் ஆசிரியரும் அவர் நாடும் நட்பும்

மக்கள் தனித்து வாழும் இயல்பினர் அல்லர். பிறந்த ஊரிலேயே இருப்பார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலப்படுவதில்லை. உற்றார், உடன் பயின்றார், அண்டை வீட்டார் ஆகியோர் தொடர்பு கேளாமலே வந்து வாய்த்தலின், அதன் அருமை அவர்க்குத் தெரிவதன்று. கடல் கடந்து, மொழியும் உணவும் முறையும் வேறாகிய ஒரு நகரிற் சென்று ஆசிரியத் தொழில் ஏற்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஊதியம் உண்டு, உறையுள் உண்டு, மாணாக்கரும் உண்டு. வேலை முடிந்தபின் உடனிருந்து பேசுதற்கு மட்டும் ஒருவரும் இலர். இக்குறையை அவர் எங்ஙனம் நிறைத்துக் கொள்ளக்கூடும் என்பதே இவ்வியாசத்தில் யாம் ஆராயப் புகுந்த பொருள். கொரிய நாட்டிற்குச் சென்ற ஆசிரியர் நிலையை முதலிற் காண்போம். பின்னர் நமது திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிற்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வருவோம்.

திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் நட்பிற்குக் காரணம் மூன்று என வகுப்பர். ஓரிடத்தார் ஆதலாகிய புணர்ச்சி ஒன்று. பலகாற் கண்டும் சொல்லாடியும் வருதலாகிய பழகுதல் மற்றொன்று. உணர்ச்சி ஒத்தல் மூன்றாவது. இவற்றுள் உணர்ச்சி ஒத்தலே தலையாயது என்பதற்குக் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் சான்றாவர். ஒருவரையொருவர் காணாதிருந்தே நட்புப் பூண்ட அவர்தம் வரலாற்றைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். ஆயினும் அத்தகைய நட்பு மிக அரிதாகவே தோன்றும். அயலூர் ஆசிரியர்க்கோ முதற்காரணம் இல்லை. மூன்றாவது அவர் கையில் இல்லை. எஞ்சி நிற்பது பழகுதல். அஃது ஒன்றே முயற்சியால் ஆவது. இதனையே யாம் நிறுவக் கருதுகின்றோம்.

தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பித்தற்கு அயல்நாட்டார் பலர் அழைக்கப்படுகின்றனர். அரசினர் பள்ளிகட்கு ஆசிரியரை வருவிக்கும் திட்டம் 1995-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இதுவன்றி, நம் ஊர் டியூஷன் நிலையங்களை ஒத்தனவாய், 'ஹாக்வொன்' எனப்படும் தனிப்பயிற்சிக் கூடங்கள் நகர்தோறும் மலிந்துள்ளன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டினரே நெடுங்காலம் இப்பணிக்குக் கொள்ளப்பட்டனர். இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் இடையே ஏற்பட்ட பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தம் 2010-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபின், ஆங்கில ஆசிரியத் தகுதிச் சான்று பெற்ற இந்தியர்க்கும் துணையாசிரியராதற்கு வழி திறந்தது. ஆதலின் இப்பொருள் நமக்கும் முற்றிலும் அயலானதன்று.

இவ்வாசிரியர் தனிமையுறுதற்குக் காரணங்கள் சில உள. முதலாவது, நேரம். பள்ளி விட்ட பின்னரே மாணாக்கர் ஹாக்வொனுக்கு வருவராதலின், அங்குள்ளார்க்குப் பணி பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும். ஊரார் ஓய்ந்திருக்கும் மாலையில் இவர்க்கு வேலை. இவர் ஓய்ந்திருக்கும் காலையில் ஊரார்க்கு வேலை. இரண்டாவது, காலவரையறை. உடன்படிக்கை பெரும்பாலும் ஓராண்டிற்கே எழுதப்படும். இன்று கிடைத்த தோழர் அடுத்த ஆண்டு விமானம் ஏறிவிடுவர். மூன்றாவது, மொழி. நான்காவது, வகுப்பறையின் இயல்பு. மாணாக்கர் அன்பு செலுத்துவர். எனினும் அவ்வன்பு ஒத்தார்க்குள் நிகழும் தோழமையாகாது.

இந்நிலையில் பலரும் முதலில் நாடுவது தம் நாட்டாரையே. சியோல் நகரத்து இத்தேவொன் பகுதி நெடுங்காலமாக அயல்நாட்டார் கூடுமிடமாக விளங்குகின்றது. இதனைக் குறையென்று கூறுவார் கூறுக, யாம் கூறோம். நோயுற்றவன் தாய்மொழியிலேயே முனகுவான். அவ்வேளையில் அம்மொழியறிந்தார் அருகிருத்தல் பேருதவி. ஆயினும், ஆண்டுதோறும் கலைந்து போகும் கூட்டத்தில் மட்டும் வேரூன்றியவர், ஆண்டுதோறும் நட்பைப் புதிதாகத் தொடங்க வேண்டியவராவர். நிலைத்த ஊராரோடு பழகினார்க்கே நிலைத்த தொடர்பு கிட்டும்.

பழகுதற்குரிய இடங்கள் அங்கே பலவுள. கொரியாவின் நிலத்திற் பெரும்பகுதி மலை. தலைநகரின் வடபால் நிற்கும் புக்கான்சான் மலை 1983-ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. விடுமுறை நாட்களில் முதியோரும் இளையோரும் குழுக்குழுவாக மலையேறி, கொணர்ந்த உணவைப் பகிர்ந்துண்பது அந்நாட்டு வழக்கம். மலையேறுவார்க்கு இலக்கணப் பிழையற்ற மொழி வேண்டுவதில்லை, கால்வலி பொதுமொழியாகின்றது. ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பித்து, ஒரு மணி நேரம் கொரியம் கற்றுக்கொள்ளும் கொடுக்கல் வாங்கலும் உண்டு. பள்ளி ஆசிரியர் ஒருங்கு கூடி மாலையுணவு கொள்ளும் வழக்கமும் உண்டு. அதற்கு அழைக்கப்படும்போது களைப்பைக் காரணங்காட்டி மறுப்பவர், ஒரு வேளை உணவை மட்டுமே இழந்தவராகார்.

கொரியர் புதியவரைக் கண்டவுடன் வயதை வினவுவர். மேனாட்டார் சிலர் இதனை நாகரிகக் குறைவென்று எண்ணி மனம் சுருங்குகின்றனர். உண்மை வேறு. கொரிய மொழியில் வினைமுற்று, கேட்போர் நிலைக்கேற்ப வேறுபடும். வந்தவர் மூத்தவரா இளையவரா என்பது தெரியாவிடின் வாய் திறத்தலே இடராம். 'வா', 'வாரும்', 'வாருங்கள்' என்னும் மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நமக்கு இஃது எளிதில் விளங்கும். உறவினரல்லாரையும் அண்ணன், அக்காள் முறை சொல்லி அழைத்தல், தம் வீட்டையும் தாயையும் 'எங்கள் வீடு', 'எங்கள் தாய்' எனப் பன்மையிற் கூறுதல், பெரியோர் கைவைத்த பின்னரே இளையோர் உண்ணத் தொடங்குதல் ஆகியன அவர்க்கும் நமக்கும் பொது. தந்தையை 'அப்பா' என்றே கொரியக் குழந்தையும் அழைக்கும்.

இத்தகைய ஒற்றுமைகளில் மனந்தோய்ந்த ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர் ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர். அரசர் கோஜோங் சியோலில் நிறுவிய பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தற்கு 1886-ஆம் ஆண்டில், தம் இருபத்து மூன்றாம் வயதில் வந்தார். கற்றோர் சீன எழுத்தையே மதித்து, நாட்டெழுத்தாகிய ஹங்குலை எளிதாக எண்ணிய காலம் அது. அவரோ அவ்வெழுத்தைக் கற்றார். உலக நாடுகளைப் பற்றிய பூகோள நூல் ஒன்றை அவ்வெழுத்திலேயே இயற்றினார். எளிய மக்கள் பாடிய 'அரிராங்' என்னும் பாட்டைக் கேட்டு, 1896-ஆம் ஆண்டில் அதனை மேனாட்டு இசைக்குறியில் வெளியிட்டார். 1905-ஆம் ஆண்டில் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் ஒன்று வெளியிட்டார். அவர் கூறிய மொழியுறவை இன்றைய மொழிநூலார் பெரும்பாலும் ஏற்பதிலர். ஆயினும் சியோலில் இருந்த ஓர் ஆசிரியர் தமிழ்ச் சொற்களை ஆராய்ந்திருந்தார் என்பது நமக்கு உவகை தருவதே.

ஜப்பானியர் கொரியாவை நெருக்கியபோது, அரசரின் வேண்டுகோளை 1905-ஆம் ஆண்டில் வாஷிங்டனுக்கு எடுத்துச் சென்றவரும் அவரே. அம்முயற்சி பயன்படவில்லை. 1907-ஆம் ஆண்டில் அந்நாட்டைவிட்டு நீங்க நேர்ந்தது. நாடு விடுதலை பெற்றபின், 1949-ஆம் ஆண்டில், எண்பத்தாறாம் வயதில் அழைப்பின்மேல் மீண்டு வந்தார்; வந்து ஒரு வாரத்திற்குள் உயிர் நீத்தார். இங்கிலாந்து மன்னர் பலர் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தினும் கொரிய மண்ணையே அவர் விரும்பினார் என்பதனை, ஹான் ஆற்றங்கரையில் யாங்ஹ்வாஜின் கல்லறைத் தோட்டத்திலுள்ள கல் இன்றும் கூறுகின்றது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, கடலோரத்தில் உள்ளது பழவேற்காடு. ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் அங்கே கெல்திரியா கோட்டையை அமைத்தனர். அவர்தம் போதகராக 1632 முதல் 1642 வரை அவ்வூரில் வாழ்ந்தவர் ஆபிரகாம் ரொகேரியுஸ். கோட்டைக்குள் தம்மவரோடு மட்டும் அமர்ந்து அப்பத்தாண்டையும் அவர் கழித்திருக்கலாம். அவ்வாறு செய்திலர். பத்மநாபன் என்னும் அந்தணர் ஒருவர் ஒல்லாந்தரிடம் அடைக்கலமாக வந்திருந்தார். இருவரும் போர்த்துக்கேய மொழியில் உரையாடினர். அஃது அந்நாளிற் கடற்கரை வாணிகத்தில் வழங்கிய மொழி. இருவர்க்கும் தாய்மொழி அன்று. பத்மநாபன் தம்மவர் வழக்கங்களை எடுத்துரைத்தார். பர்த்ருஹரியின் வாசகங்களுக்குப் பொருள் கூறினார். ரொகேரியுஸ் அவற்றைக் கேட்டுத் தம் மொழியில் எழுதினார். அவர் 1649-ஆம் ஆண்டில் இறந்தபின், 1651-ஆம் ஆண்டில் அந்நூல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. 'திறந்த வாயில்' என்பது அதன் பெயரில் முதற்கண் நிற்கும் தொடர். பிற சமயத்தைத் தாழ்த்தும் அக்கால நோக்கு அப்பெயரின் எஞ்சிய பகுதியில் உண்டு. எனினும் வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியில் அச்சேறியதற்கு அந்நூலே மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. கோட்டை இன்று இடிந்து கிடக்கின்றது. இருவர் உட்கார்ந்து பேசிய பேச்சோ நூலாகி நிலைத்தது.

இவ்விருவர் வரலாற்றிலும் பொதுவாக நிற்பன மூன்று. கற்பிக்க வந்தவர் தாமே மாணாக்கர் ஆயினர் என்பது ஒன்று. வகுப்பில் உயர்ந்த இருக்கையில் அமர்பவர், தெருவில் கடைக்காரரிடம் சொல் கேட்கும்போது ஒத்த நிலைக்கு இறங்குகின்றார். அங்கேதான் தோழமை பிறக்கின்றது. நட்பை நட்பென்றே தேடாமல் ஒரு செயலைச் சேர்ந்து செய்தனர் என்பது இரண்டாவது. பாட்டெழுதுதலோ மலையேறுதலோ பந்தாடுதலோ, ஏதேனும் ஒன்று இருவர் நடுவே இருத்தல் வேண்டும். பேச்சற்ற நேரத்தை அது தாங்கிக் கொள்ளும். மீண்டும் மீண்டும் சந்தித்தனர் என்பது மூன்றாவது. ஓராண்டே தங்குவார்க்குப் பத்தாண்டு ஏது எனின், வாரத்தில் ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே வேளையில் சந்திப்பார்க்கு ஓராண்டில் ஐம்பது சந்திப்புக் கிடைக்கும். ஐம்பது விருந்தில் ஐம்பது பேரைக் காண்பதினும், ஒருவரை ஐம்பது முறை காண்பது சிறந்தது.

நிற்க. இதுகாறும் வந்தார் செய்வன கூறினோம். இருந்தார் செய்வன யாவை? ஈண்டே இப்பொருள் நம் வாயிலில் வந்து நிற்கின்றது. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-ஆம் ஆண்டில் கார்களைச் செய்து வெளியிடத் தொடங்கியது முதல், கொரியக் குடும்பங்கள் பல சென்னைப் பகுதியில் வாழ்கின்றன. ஹங்குல் எழுத்துப் பலகை தாங்கிய உணவுச்சாலைகளை நாம் கடந்து செல்கின்றோம். இரு நாட்டுப் பண்பாட்டையும் இணைத்தற்கு இன்கோ மையம் 2006-ஆம் ஆண்டில் சென்னையில் ஏற்பட்டது. ஹல்பர்ட் சியோலில் இருந்த நிலையில் இன்று கொரியர் நம்மிடையே இருக்கின்றனர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலோ நிலை இன்னும் கூர்மையானது. அங்குள்ள இரும்பாலைகளிற் சூடு தாங்கி உழைப்பார் பலர் ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் முதலிய நாட்டிளைஞர். அவர்களை நாம் ஒரே பெயரால் 'இந்திக்காரர்' என்கின்றோம். ஒடியாவையும் வங்காளத்தையும் தாய்மொழியாக உடையவனுக்கு அப்பெயர் பொருந்துமோ என எண்ணுவதிலோம். அவனுடைய பெயரைக் கேட்பாரும் அரியர். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் வழியாகச் செல்லும் மின்சார ரயிலில் நாளும் ஒரே பெட்டியிற் பயணம் செய்தும் நாம் ஓரிடத்தார் ஆயினோம் அல்லோம். அதே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாமும் உண்டு. 2021-ஆம் ஆண்டு முதல் அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். அங்குள்ளார் மொழி நம் மொழியே. எனினும் அம்முகாமினுள் நமக்குத் தோழர் எத்துணையர்? மொழி ஒன்றாதல் மட்டும் போதாது, பழகுதலும் வேண்டும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

மாணவர்காள்! இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சங்கம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுவதுமில்லை. ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் ஒருவனுக்குத் தமிழெழுத்தைக் காட்டி, அவனிடம் ஒடிய எழுத்தைக் கற்றுக் கொள்ளலாம். பேருந்துப் பலகையைப் படிக்க இயன்ற அன்று அவனுக்கு இவ்வூர் பாதி சொந்தமாகும். கபடி ஆட்டத்தில் ஓர் ஆள் குறையுமாயின், வேலி ஓரத்தில் நின்று பார்ப்பவனை அழைக்கலாம். பொங்கலன்று ஒருவனை வீட்டிற்கு அழைத்து, அவன் தாய் அந்நாளில் என்ன சமைப்பாள் எனக் கேட்கலாம். அடுத்த வாரமும் அவனைக் காணுதலே முதன்மையானது; ஒருமுறை செய்வது உபசாரம், பலமுறை செய்வதே பழக்கம். நம்முள்ளும் பலர் பட்டம் பெற்றபின் பணி நாடிச் செல்வோம். பூசானிலோ தில்லியிலோ ஒரு வாடகை அறையில் தனித்திருந்து, யாரேனும் நம் பெயரைக் கேளாரோ என ஏங்கும் மாலை நமக்கும் வருதல் கூடும். அன்று நாம் பிறரிடம் எதிர்நோக்கும் கேள்வியை, இன்று நம் ஊருக்கு வந்தாரிடம் நாமே முதலிற் கேட்பது தக்கது.