முதற்பிடி அரிசி யாருக்கு?

(இணைச்சட்டம் 26:1–13 பகுதியை வாசித்துத் தியானிக்க)



மார்கழிப் பனி விலகித் தை பிறக்கின்ற வேளையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வயல்வெளிகள் பச்சை மாறிப் பொன்னிறம் கொள்கின்றன. புரட்டாதியிலும் ஐப்பசியிலும் விதைத்த காலபோக நெல், மாரி மழையைக் குடித்து வளர்ந்து, கதிர் முற்றித் தலை சாய்க்கின்ற காலம் அது. ஆறுகள் பாயாத மண் நமது மண். மழைக்காலத்தில் மட்டும் ஓடிப் பின்னர் வரண்டுபோகும் வழுக்கையாற்றைத் தவிர, ஆறென்று சொல்லிக்கொள்ள நம்மிடம் பெரிதாக வேறொன்றும் இல்லை. வானம் தருவதைக் குளங்களும் கேணிகளும் தேக்கிவைக்க, சுண்ணாம்புக்கல் நிலம் அதனை உள்வாங்கிக் கிணறுகளில் ஊறச் செய்கின்றது. ஆகவே இங்கே விதைப்பவன் ஒவ்வொருவனும் வானத்தை நோக்கிக் காத்திருக்கப் பழகியவன். உழைப்பு நம்முடையது, மழை நம்முடையது அன்று. இந்த உண்மையை அறிந்தவன் அறுவடையின்போது நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

முற்றத்துப் பானை

நன்றி கூறும் இவ்வழக்கம் மனித குலத்துக்குப் பொதுவானது. கனடாவில் வாழும் நம் உறவினர் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமையை நன்றியறிதல் நாளாகக் கண்டிருப்பர். அமெரிக்காவில் அது நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை. இஸ்ரயேல் மக்கள் அறுவடையின் முதற் கதிர்க்கட்டைக் குருவிடம் கொண்டுவந்தார்கள். தமிழராகிய நமக்குத் தை முதலாம் நாள் வாய்த்திருக்கின்றது.

நம் கிராமங்களில் அந்நாள் எவ்வாறு விடிகின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். சாணத்தால் மெழுகிய முற்றத்தில் உலக்கையை வைத்து எல்லை வகுத்து, அரிசிமாவினால் கோலமிடுகின்றோம். நிறைகுடம் வைத்து விளக்கேற்றுகின்றோம். இஞ்சியிலையும் மஞ்சளிலையும் மாவிலையும் கட்டிய பானை அடுப்பிலேறுகின்றது. பால் பொங்கி வழியும்போது பிள்ளைகள் சீனவெடி கொளுத்தி ஆரவாரம் செய்கின்றனர். பின்னர் வீட்டின் தலைவர் இரு கைகளிலும் பச்சை அரிசியை அள்ளி, மூன்று முறை பானையில் இடுகின்றார். வறுத்த பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து பொங்கல் ஆகின்றது. மறுநாள் பட்டிப்பொங்கல். உழைத்த மாட்டுக்கும் அன்று மரியாதை உண்டு. தைப்பூசத்தை ஒட்டிப் புதுநெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, குற்றிச் சமைத்துப் பகிர்ந்துண்ணும் 'புதிர்' வழக்கமும் நம்மிடையே உண்டு.

இவ்விழாவில் கத்தோலிக்கருக்கு என்ன பங்கு என்று ஒரு காலத்தில் தயங்கியவர்கள் இருந்தனர். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, மக்களின் மரபுகளில் மூடநம்பிக்கையோடு பிணையாதவற்றைத் திருச்சபை மதித்துப் பேணும் என்றும், இயலுமிடத்து வழிபாட்டிலும் ஏற்கும் என்றும் தெளிவுபடுத்தியது. அதன் பயனாக இன்று பல பங்குகளில் ஆலய முற்றத்திலேயே பானை வைத்துப் பொங்கல் திருப்பலி நிறைவேற்றுகின்றோம். கதிரவனுக்கும் அப்பால், அவனைப் படைத்தவரை நோக்கி நம் கைகள் குவிகின்றன. மலாக்கி இறைவாக்கினர் நீதியின் கதிரவன் என்று முன்னறிவித்தவரைக் கிறிஸ்துவில் நாம் காண்கின்றோம். நற்கருணைக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் 'யூக்கரிஸ்தியா' என்ற பெயருக்கே நன்றி செலுத்துதல் என்பதுதானே பொருள்! கோதுமை அப்பத்தில் நிறைவேறும் அந்தப் பெரும் நன்றிக்குள் நம் நெல்மணியும் இடம்பெறுவது எத்துணை பொருத்தமானது!

கூடையும் கதையும்

ஆயினும், அன்பானவர்களே, பானை பொங்கிவிட்டால் நன்றி நிறைவு பெற்றுவிடுகின்றதா? இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரம் இக்கேள்விக்கு விடை தருகின்றது.

நிலத்தின் முதற்பலனைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஓர் இஸ்ரயேலன் ஆண்டவரின் திருமுன் வருகின்றான். குரு கூடையை வாங்கிப் பீடத்தின் முன் வைக்கின்றார். அப்போது அவன் சொல்ல வேண்டியது என்ன? விளைச்சல் எத்தனை மரைக்கால் என்றோ, தான் எவ்வளவு பாடுபட்டான் என்றோ அவன் சொல்வதில்லை. தன் மூதாதை நாடோடியாய்த் திரிந்தவர் என்று தொடங்குகின்றான். சிறு கூட்டமாய் எகிப்துக்குப் போனதையும், அங்கே அடிமைப்பட்டதையும், கூக்குரலிட்டதையும், கடவுள் அதனைக் கேட்டு விடுவித்ததையும் சொல்கின்றான். கதையைச் சொல்லி முடித்த பின்னரே காணிக்கை படைக்கின்றான். அதன் பின்னும் ஒரு கட்டளை எஞ்சியிருக்கின்றது. அவன் தனித்து மகிழலாகாது. நிலமில்லாத லேவியரும் அவனிடையே வாழும் அந்நியரும் அவனோடு சேர்ந்து மகிழ வேண்டும்.

ஆக, விவிலியம் காட்டும் நன்றிக்கு இரண்டு கால்கள் உண்டு. ஒன்று நினைவு, மற்றது பகிர்வு. ஒன்று முறிந்தாலும் நன்றி நொண்டிவிடும்.

அலைந்து திரிந்த மூதாதையின் கதையை யாழ்ப்பாண மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1990இல் வலிகாமம் வடக்கின் மக்கள் தம் செம்மண் தோட்டங்களையும் கடற்கரைகளையும் விட்டு வெளியேறினர். மயிலிட்டித் துறைமுகத்துக்குள் மீண்டும் காலடி வைக்க அவர்கள் 2017 ஜூலை வரை, 27 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இன்னும் விடுவிக்கப்படாத காணிகளின் உறுதிகளை மட்டும் பெட்டிக்குள் வைத்திருப்போரும் உளர். 1995 ஜூலை 9ஆம் நாள் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது குண்டுகள் விழுந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் கொட்டும் மழையில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து நடந்தனர். விதைத்த வயலை அப்படியே விட்டு நடந்தனர்.

1996ஆம் ஆண்டின் தைப்பொங்கல் அவர்களுக்கு எங்கே வந்தது? தென்மராட்சியின் பாடசாலைகளிலும் ஆலய மண்டபங்களிலும் பிறர் வீட்டுத் தாழ்வாரங்களிலும், வன்னியின் மரநிழல்களிலும் வந்தது. சாவகச்சேரியிலும் மீசாலையிலும் கொடிகாமத்திலும் முன்பின் அறியாத குடும்பங்களுக்குத் தம் வீட்டையும் கிணற்றையும் திறந்துவிட்டவர்கள் இருந்தார்கள். ஒரே கிணற்றைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. அன்று கதவைத் திறந்தவர் எந்தச் சமயத்தவர் என்று எவரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டு முற்றத்தில் பானை பொங்கும்போது, பெற்றோரே, இக்கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பகையை வளர்ப்பதற்காகச் சொல்ல வேண்டாம். நாமும் ஒருநாள் பிறர் தந்த சோற்றை உண்டு பிழைத்தோம் என்பதை அவர்கள் அறியும்படி சொல்லுங்கள்.

கஞ்சி உண்ட புனிதர்

பொங்கலை ஒட்டி, ஜனவரி 16ஆம் நாள், இலங்கையின் திருத்தூதரான புனித யோசேவாஸ் அடிகளாரின் திருநாளைத் திருச்சபை கொண்டாடுகின்றது. இந்த அயல்மை நமக்கு ஓர் அருள் அடையாளம்.

கோவாவில் 1651இல் பிறந்த அவர், 1687இல் யாழ்ப்பாணம் வந்தபோது குருவின் உடையில் வரவில்லை. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடமிருக்கவில்லை. கூலியாளின் கோலத்தில், தோழர் ஒருவரோடு, வயிற்றோட்டத்தினால் உடல் நலிந்து அவர் இந்த மண்ணை மிதித்தார். நோயுற்றுக் கிடந்த அந்த அந்நியருக்கு ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காத்தாள் என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். மாலையை அடையாளம் கண்டு கண் கலங்கியவர்கள் மறைந்து வாழும் கத்தோலிக்கர் என்பதை அறிந்துகொண்டார். பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. அங்கிருந்து இரவுகளில் ஊர் ஊராகச் சென்று அருளடையாளங்களை வழங்கினார்.

எண்ணிப் பாருங்கள். பல ஆண்டுகள் குருவின்றி வாடிய இத்தீவின் விசுவாசம் மீண்டும் துளிர்த்ததில், பெயர் தெரியாத ஒரு பெண் வார்த்த கஞ்சிக்கும் பங்குண்டு. தான் யாருக்குக் கொடுக்கின்றாள் என்று அவள் அறிந்திருக்கவில்லை. பசித்த ஒருவன் வாசலில் கிடந்தான், அவள் கொடுத்தாள். அவள் கையால் உண்டு பிழைத்தவர் பின்னர், 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி மக்கள் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, சமயம் பாராமல் அவர்களுக்கு உணவூட்டிப் பராமரித்தார். பெற்றதை அவர் மறக்கவில்லை, பெற்றவாறே கொடுத்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், நம் நாடு தைப்பொங்கலுக்கு ஆயத்தமாகிய வேளையில், திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அன்றே மடுத் திருப்பதிக்கும் வந்து, போரினால் காயமுற்ற மக்களோடு சேர்ந்து செபித்தார்.

மூழ்கிய வயலும் நன்றியும்

'விளைந்தவன் நன்றி சொல்லட்டும். வயல் வெள்ளத்தில் போனவன் என்ன சொல்வது?' என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 2024 நவம்பரின் பெருமழை குடாநாட்டின் நெல்வயல்களை மூழ்கடித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் தாக்கியது. மலையகத்தில் மண்சரிவுகள் குடியிருப்புகளையே மூடின. 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அத்திமரம் துளிர்க்காவிடினும், வயல் விளையாவிடினும், தொழுவத்தில் மாடு இல்லாமற் போயினும் ஆண்டவரில் களிகூர்வேன் என்ற பொருள்படப் பேசுகின்றார் அபக்கூக்கு இறைவாக்கினர். அவர் இழப்பை மறைக்கவில்லை. ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கின்றார். எண்ணிய பின்னும் கடவுளைப் பற்றிக்கொள்கின்றார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இச்சொற்களை இழந்தவர் தாமே சொல்லலாம். இழக்காதவர் அவருக்குப் போதிப்பது அழகன்று. இழந்தவர் நன்றி கூறும்படி செய்ய விளைந்தவருக்கு உள்ள வழி ஒன்றுதான்: தன் பானையிலிருந்து அவருக்கு ஒரு பங்கை எடுத்து வைப்பது. வயலின் ஓரக் கதிரை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடும்படி லேவியர் நூல் கட்டளையிட்டதும் இதற்காகவே. அந்தக் கட்டளை இருந்தபடியால்தான் மோவாபியப் பெண்ணாகிய ரூத்து பெத்லகேமின் வயலில் கதிர் பொறுக்கினாள். தாவீதின் குலத்துக்கும், அதன்வழி நம் மீட்பரின் குலத்துக்கும் மூதன்னை ஆனாள்.

பிடியரிசி

நம் அம்மம்மாமாரிடம் ஓர் எளிய வழக்கம் இருந்தது. உலையில் அரிசி இடுமுன்னர் ஒரு பிடியை எடுத்து வேறொரு பெட்டியில் போட்டுவைப்பார்கள். அது 'பிடியரிசி'. பெட்டி நிறைந்ததும் அது ஆலயத்துக்கோ ஏழைக்கோ போய்ச் சேரும். மிஞ்சியதைக் கொடுப்பது அவர்கள் வழக்கமன்று. உலை கொதிக்குமுன் முதலில் எடுத்துவிட்டு, எஞ்சியதைக் குடும்பம் உண்டது. இன்று நம் பல வீடுகளில் அந்தப் பெட்டி இல்லை. அதனை மீண்டும் அடுக்களையில் வைப்போமா?

இத்தைத்திங்களில் உங்கள் குடும்பம் மூன்று காரியங்களைச் செய்யட்டும். பானை பொங்குமுன் குடும்பமாகக் கூடி, உங்கள் குடும்பம் கடந்துவந்த வழியை முதியவர் ஒருவர் சொல்ல, பிள்ளைகள் கேட்கட்டும். பொங்கியபின் முதல் இலையை, இவ்வாண்டு பொங்க முடியாத வீட்டுக்கு அனுப்புங்கள். அது சைவ வீடாயினும் கிறிஸ்தவ வீடாயினும் இஸ்லாமிய வீடாயினும் சரி. உங்கள் வயலில் அருவி வெட்டிய, உங்கள் தோட்டத்தில் கூலிக்கு நின்ற கைகளுக்குரியதைத் தாமதமின்றிக் கொடுத்து, அதன்மேல் ஒரு கொத்துப் புதரிசியையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்கும்போது குனிந்து கொடுங்கள். வாங்குபவர் தலை நிமிர்ந்திருக்கட்டும்.

குணமடைந்த தொழுநோயாளர் பத்துப் பேரில் திரும்பி வந்து நன்றி கூறியவன் ஒருவனே. அவனும் அந்நியன் என்று லூக்கா நற்செய்தி சொல்கின்றது. மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். அக்கேள்விக்கு நம் முற்றத்துப் பானையும், நம் அடுக்களைப் பிடியரிசிப் பெட்டியும் விடை சொல்லட்டும்.

மழை தந்து மண்ணை விளையச் செய்த இறைவா, எங்கள் கைப்பிடி அரிசியை ஏற்றருளும். அலைந்த நாட்களை நாங்கள் மறவாதிருக்கவும், அலைவோரை எங்கள் வாசலில் இனங்கண்டுகொள்ளவும் எங்களுக்கு அருள் புரியும். ஆமென்.